தாயையோ தந்தையையோ தற்கொலையில் இழந்தவர்களுக்கு: துக்கத்தைக் கடப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பெற்றவர் நோயில் விழுந்து இறந்தால், பிள்ளைகளுக்கு எதை எடுத்துச் சொல்வது என்று தெரியும். நோயின் பெயரைச் சொல்வார்கள், மருத்துவமனையில் கழிந்த கடைசி வாரத்தைச் சொல்வார்கள், கேட்பவர் கையைப் பற்றிக்கொள்வார். தற்கொலையில் பெற்றவரை இழந்தவருக்கு இந்த எளிய உரையாடல்கூட எளிதில் வாய்ப்பதில்லை. "எப்படி இறந்தார்?" என்று ஒருவர் இயல்பாகக் கேட்கும்போதே தொண்டை அடைத்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 7,20,000-க்கும் மேற்பட்டோர் தற்கொலையில் இறக்கின்றனர். அவர்களில் பலர் யாருக்கோ அம்மாவாகவும் அப்பாவாகவும் இருந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இப்படித் தொண்டை அடைத்து நிற்பவர்கள் எத்தனை பேர் என்பது விளங்கும்.

கீழே உள்ளவற்றைப் படிப்படியாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் துக்கம் அந்த வரிசையில் வராது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து கட்டங்களைப் பற்றி யாரேனும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உளமருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் அவற்றை முன்வைத்தது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்துத்தான். உறவை இழந்தவர்கள் ஏறிக் கடக்க வேண்டிய படிக்கட்டாக அதைப் பின்னால் வந்தவர்கள் ஆக்கிவிட்டார்கள். ஆகவே "நான் இன்னும் மூன்றாவது கட்டத்திலேயே நிற்கிறேன்" என்று உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. தேவைப்படும் பகுதியை மட்டும் இப்போது படியுங்கள். மற்றது பிறகு உதவும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கே இந்த நேரத்தில் இருக்குமானால், மற்ற எதையும் படிக்காமல் ஆறாம் படிக்குச் செல்லுங்கள்.

முதல் படி: தொடக்க நாட்களில் உடலைக் காப்பது

முதல் இரண்டு மூன்று வாரங்களில் மனத்தை ஆற்ற முயல வேண்டாம்; அது அப்போது நடக்காது. அதிர்ச்சியில் உடல் மரத்துப்போகும், பசி போய்விடும், தூக்கம் உடைந்து உடைந்து வரும், நேற்றுப் பேசியது நினைவில் நிற்காது. அழுகையே வராமலும் போகலாம். அதைப் பார்த்துப் பிறர் "கல்நெஞ்சு" என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். தண்ணீர் குடிப்பது, வேளைக்கு ஏதாவது சாப்பிடுவது, தூங்க முடியாவிட்டாலும் இருட்டில் படுத்திருப்பது, வழக்கமாக எடுக்கும் மருந்துகளை விடாமல் எடுப்பது ஆகிய நான்கும் போதும். மதுவும் பிறர் தரும் தூக்க மாத்திரையும் முதல் இரவுக்குத் துணைபோலத் தோன்றும். அடுத்தடுத்த இரவுகளை அவையே கடினமாக்கும். மாத்திரை தேவைப்பட்டால் உங்களைப் பரிசோதித்த மருத்துவரிடமிருந்து மட்டும் பெறுங்கள்.

இந்த மரணத்துக்கு மட்டும் உரிய ஒரு கொடுமை, துக்கத்தின் முதல் நாளிலேயே விசாரணையும் சேர்ந்து வருவதாகும். பெரும்பாலான நாடுகளில் போலீஸ் வரும், பிரேதப் பரிசோதனை நடக்கும், வீட்டாரிடம் கேள்விகள் கேட்கப்படும். அந்தக் கேள்விகள் நடைமுறைக்காகக் கேட்கப்படுகின்றன என்பது அறிவுக்குத் தெரிந்தாலும், குற்றவாளியை விசாரிப்பதுபோலவே காதில் விழும். உணர்ச்சியில் சற்று விலகி நிற்கக்கூடிய ஓர் உறவினரையோ நண்பரையோ உடன் வைத்துக்கொண்டு, காகிதங்கள், தொலைபேசி அழைப்புகள், வந்துபோவோர் எல்லாவற்றையும் அவரிடம் விடுங்கள். இறந்தவர் கடிதம் எழுதி வைத்திருந்தால் அது விசாரணைக்காக எடுத்துச் செல்லப்படலாம். அதன் நகலை எழுத்தில் கேளுங்கள், மூலம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய உடைகளையும் கைப்பேசியையும் அந்த வாரமே தூக்கிப் போடவோ அழிக்கவோ வேண்டாம். ஒரு பெட்டியில் போட்டு மூடி வையுங்கள். முடிவெடுக்க ஓர் ஆண்டு கழித்தும் நேரம் இருக்கிறது.

உடலை முதலில் கண்டவர் நீங்களாக இருந்தால், உங்கள் சுமை வேறு வகையானது. அந்தக் காட்சி அழைக்காமலே கண்முன் வரும். ஒரு கதவைத் திறக்கும்போதோ ஓர் ஒலி கேட்கும்போதோ உடல் மறுபடி அந்த நிமிடத்துக்கே போய்விடும். துக்கத்தோடு மன அதிர்ச்சியும் சேர்ந்துகொண்டதன் அறிகுறி இது. ஒரு மாதம் கடந்தும் இது குறையவில்லையானால், அதிர்ச்சிக்கென்றே பயிற்சி பெற்ற உளவியல் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும். அந்தக் காட்சியின் பிடி தளர்ந்த பிறகே அம்மாவையோ அப்பாவையோ எண்ணி அழ முடிந்தது என்று சொல்வோர் உண்டு.

இரண்டாம் படி: சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை ஆயத்தம் செய்துகொள்வது

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. "தற்கொலை" என்ற சொல்லுக்குள் "கொலை" உட்கார்ந்திருக்கிறது. "செய்துகொண்டார்" என்று சேர்க்கும்போது குற்றம் செய்தவரைப் பற்றிப் பேசுவதுபோலவே ஆகிவிடுகிறது. பல நாடுகளின் சட்டமும் நெடுங்காலம் அப்படித்தான் பார்த்தது. இங்கிலாந்தில் 1961 வரை அது குற்றமாகவே இருந்தது. "தற்கொலையில் இறந்துவிட்டார்" என்றோ "தன் உயிரை மாய்த்துக்கொண்டார்" என்றோ சொல்லிப் பாருங்கள். பொருள் மாறாது, ஆனால் சொல்லும்போது நெஞ்சில் குத்துவது சற்றுக் குறையும்.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொள்ளுங்கள். அறிமுகம் மட்டுமே உள்ளவர்களுக்கு, "அப்பா திடீரென்று இறந்துவிட்டார், அதைப் பற்றி இப்போது பேச முடியவில்லை." நெருங்கியவர்களுக்கு, "அம்மா நீண்ட நாள் மன வேதனையில் இருந்தார், தற்கொலையில் இறந்துவிட்டார்." இவற்றை வாய்விட்டு நாலைந்து முறை சொல்லிப் பழகுங்கள், இல்லாவிட்டால் அலுவலகத்தில் யாராவது கேட்கும்போது வாய் தானாகவே மாரடைப்பு என்று சொல்லிவிடும், அதன்பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே ஒரு வேலையாகிவிடும். விவரம் துருவுகிறவர்களிடம், குறிப்பாக எப்படி, எங்கே என்று கேட்கிறவர்களிடம், "அதை நான் பேசுவதில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால்

பெரியவர்கள் மிகுதியாகத் தவறுவது இந்த இடத்தில்தான், அதுவும் அன்பினால்தான் தவறுகிறார்கள். "அப்பா வெளியூர் போயிருக்கிறார்" என்று சொன்னால் குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். "தூங்கிவிட்டார்" என்று சொன்னால் தூங்கப் பயப்படும். உண்மை எப்படியும் ஒருநாள் பள்ளியிலோ உறவினர் கூட்டத்திலோ அதன் காதில் விழும். அன்றைக்கு அப்பாவின் மரணத்தோடு, வீட்டாரின் மீதிருந்த நம்பிக்கையும் போகும்.

ஐந்து ஆறு வயதுக் குழந்தைக்குச் சிறிய, உண்மையான சொற்கள் போதும்: "அப்பா இறந்துவிட்டார். அவர் உடம்பு இனி வேலை செய்யாது, அவர் திரும்பி வரமாட்டார். அவருடைய மனத்தில் ஒரு பெரிய நோவு இருந்தது. அந்த நோவில் அவரால் தெளிவாக யோசிக்க முடியவில்லை, அதனால் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார்." எவ்வாறு என்பதை விவரிக்க வேண்டியதில்லை. வளர்ந்த பிள்ளை கேட்டால், ஒரே வாக்கியத்தில், படம் வரையாமல், பொய்யும் சொல்லாமல் பதில் தரலாம். எந்த வயதானாலும் மூன்று செய்திகள் திரும்பத் திரும்பச் சொல்லப்பட வேண்டும்: நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை, நீ நினைத்த எதனாலும் நடக்கவில்லை, உன்னைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். கோபத்தில் "நீ செத்துப் போ" என்று ஒருமுறை மனத்துக்குள் நினைத்த பிள்ளை, அந்த நினைப்பே கொன்றுவிட்டது என்று பல ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கக்கூடும்.

பிள்ளை அழுதுகொண்டிருந்துவிட்டு அடுத்த நிமிடம் விளையாட ஓடினால் அது மறந்துவிட்டது என்று பொருளில்லை. குழந்தைகள் துக்கத்தைச் சிறுசிறு துண்டுகளாகவே தாங்குவார்கள். ஆறு மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்பார்கள். அப்போது முன்பு சொன்ன அதே பதிலைச் சற்றுக் கூடுதல் விவரத்தோடு சொல்லுங்கள்.

நான்காம் படி: "ஏன்?" என்ற கேள்வியோடு உட்காருவது

இந்தத் துக்கத்தின் நடுவே இருப்பது இந்தக் கேள்வி. கடைசித் தொலைபேசி உரையாடலை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பீர்கள். எடுக்காமல் விட்ட ஒரு மிஸ்டு கால், அதன் எதிரே உள்ள மணி, நிமிடம், "பிறகு கூப்பிடுகிறேன்" என்று அனுப்பிய குறுஞ்செய்தி ஆகியவை எல்லாம் சாட்சிகளைப்போல வரிசையில் வந்து நிற்கும். உங்களுக்குள்ளேயே ஒரு நீதிமன்றம் நடக்கும். அதில் வழக்குத் தொடுப்பவரும் குற்றவாளியும் தீர்ப்பு வழங்குபவரும் நீங்கள் ஒருவரே.

தற்கொலையை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன், தாங்க முடியாத மனவேதனையே அதன் மையம் என்றார்; அந்த வேதனையின் உச்சத்தில் மனிதரின் பார்வை சுருங்கி, வேறு வழியே கண்ணுக்குத் தெரியாத நிலை ஏற்படும் என்றும் விளக்கினார். இது பிள்ளைகளுக்கு முக்கியமான செய்தி. "என்னை நினைத்திருந்தால் போயிருப்பாரா?" என்ற கேள்வி, அவர் அந்த நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து, எடைபோட்டு, உங்களை வேண்டாம் என்று தள்ளினார் என எடுத்துக்கொள்கிறது. சுருங்கிய பார்வைக்கு அப்படி எடைபோடும் வாய்ப்பே இருந்திருக்காது. தான் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு நல்லது என்று அந்த நோவிலேயே தவறாக நம்பியவர்களும் உண்டு. சிகிச்சை பெறாத மனச்சோர்வு, கடன், உடல் நோவு, மதுப்பழக்கம், இழப்பு, தனிமை என்று பல இழைகள் சேர்ந்து திரிந்த கயிறு அது. கடைசி நாளில் நடந்த சண்டையோ அன்று வந்த செய்தியோ ஓர் இழையாக இருக்கலாம். அதுவே முழுக் கயிறாக இருக்க முடியாது.

செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒரு தாளை நடுவே மடித்து, இடப்பக்கம் "அன்று எனக்குத் தெரிந்தவை" என்றும், வலப்பக்கம் "இன்று எனக்குத் தெரிந்தவை" என்றும் எழுதுங்கள். அன்று தெரிந்தவை மிகச் சிலவாக இருக்கும்: களைப்பாக இருந்தார், சரியாகச் சாப்பிடவில்லை, கொஞ்ச நாளாகப் பேச்சுக் குறைந்திருந்தது. இவை பல வீடுகளில் ஆண்டு முழுவதும் நடப்பவை. வலப்பக்கத்து வரிகள் இடப்பக்கத்தின் மீது வெளிச்சம் போடுவதால்தான் எல்லாம் அறிகுறியாகத் தெரிகிறது. உண்மையிலேயே ஒரு தவறு உங்கள் பக்கம் இருந்திருந்தால், ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால், அதற்காக வருந்துங்கள். கடுஞ்சொல்லுக்கான வருத்தம் வேறு, ஒரு மரணத்துக்கான பொறுப்பு வேறு. முன்னதை ஏற்றுக்கொண்டு பின்னதை ஏற்காமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடிதத்தில் விடை இருக்கும் என்று தேடுவோர் உண்டு. தற்கொலையில் இறப்பவர்களில் பெரும்பாலோர் கடிதம் எழுதி வைப்பதில்லை. எழுதியவர்களும் பார்வை சுருங்கிய அந்த நேரத்தில்தான் அதை எழுதியிருப்பார்கள். அவருடைய வாழ்நாள் முழுவதற்குமான கருத்தாக அதைப் படிக்க வேண்டாம். கேள்வி முழுமையாகத் தீர்ந்துவிடும் நாள் வராமலே போகலாம். ஆனால் இரவு முழுவதும் கத்திக்கொண்டிருந்த கேள்வி, சில ஆண்டுகளில் அறையின் ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். அதுவரை நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்று வரம்பு வைத்து அந்தக் கேள்வியோடு உட்காருங்கள். மற்ற நேரத்தில் அது வந்தால் "மாலையில் பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். விளையாட்டுபோலத் தோன்றினாலும் இது பலருக்கு உதவியிருக்கிறது.

ஐந்தாம் படி: வெளியே சொல்ல முடியாத உணர்வுகளுக்கும் ஒரே கூரையின் கீழுள்ள பலவித துக்கங்களுக்கும் இடம் கொடுப்பது

கோபம் வரும். பெற்றவரே விட்டுவிட்டுப் போனாரே என்ற கோபமும், கடனையும் தங்கையையும் என் தலையில் போட்டுவிட்டாரே என்ற கோபமும் அன்பை அழித்துவிடுவதில்லை. அவருக்கே ஒரு கடிதமாக எழுதுங்கள், திட்டித்தான் எழுதுங்கள். பல ஆண்டுகள் "செத்துப்போவேன்" என்ற மிரட்டலுக்கும் மருத்துவமனை ஓட்டத்துக்கும் நடுவே வாழ்ந்தவர்களுக்கு முதல் உணர்வாக நிம்மதி வருவதும் உண்டு. அதைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை, முடிந்துவிட்ட அச்சத்தைப் பற்றியதே அந்த நிம்மதி. உங்களை அடித்து வளர்த்த பெற்றவராக இருந்தால், துக்கப்படுவதா வேண்டாமா என்றே குழப்பம் வரும். இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

வீட்டில் பழி தேடும் விரல் பெரும்பாலும் உயிரோடு இருக்கும் மற்ற பெற்றவரை நோக்கியே நீளும். அவரும் அதே நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம். ஒருவர் இரவும் பகலும் அதைப் பற்றியே பேசுவார், இன்னொருவர் மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விடுவார். ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கியபடி, துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறி மாறி ஊசலாடுவதே இயல்பு. ஒரே வீட்டில் ஒருவர் ஒரு முனையிலும் மற்றவர் மறு முனையிலும் இருக்கும்போது சண்டை மூள்கிறது. வேலைக்குப் போன அண்ணன் அன்பில்லாதவன் என்ற முடிவுக்கு வருவதற்கு முன் ஒருமுறை அவனிடம் பேசிப் பாருங்கள்.

ஆறாம் படி: உங்கள் உயிரைக் கவனிப்பது

பெற்றவரைத் தற்கொலையில் இழந்தவர்களுக்கு, குறிப்பாகச் சிறு வயதில் இழந்தவர்களுக்கு, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் அவ்வாறு இறப்பதில்லை. ரத்தத்தில் ஓடும் விதி என்று அதை யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ள குடும்பத்தில் பிறந்தவர் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதைப்போல, நீங்கள் மனச்சோர்வைச் சற்று முன்னதாகவே கவனித்து, சற்று முன்னதாகவே மருத்துவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"அவரோடு போய்விட வேண்டும்" என்ற ஏக்கம் துக்கத்தில் வருவதுண்டு. அது எப்படி, எப்போது என்ற திட்டமாக மாறத் தொடங்கினால், அல்லது நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று தோன்றினால், அந்த நிமிடமே ஒருவரிடம் அந்தச் சொல்லையே பயன்படுத்திச் சொல்லுங்கள்: "எனக்குத் தற்கொலை எண்ணம் வருகிறது, என்னைத் தனியாக விட வேண்டாம்." உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆபத்தானவை எவையேனும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அவற்றை அப்புறப்படுத்தும்படி வேறொருவரிடம் சொல்லுங்கள். தீவிரமான அந்த உந்துதல் பெரும்பாலும் அலைபோல ஏறி இறங்குவது. இறங்கும்வரை உடன் ஒருவர் இருப்பதே முதல் சிகிச்சை.

ஏழாம் படி: ஏற்ற உதவியைத் தேடுவது

தற்கொலைக்குப் பின் எஞ்சியிருப்பவர்களுக்கான உதவிக்குத் தனிப் பெயர் சூட்டி, அதையும் தடுப்புப் பணியின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்று வாதாடியவரும் மேலே சொன்ன ஷ்னைட்மன்தான். இன்று பல நாடுகளில் இத்தகைய இழப்புக்கு ஆளானவர்கள் மட்டுமே கூடும் குழுக்கள் உள்ளன, இணைய வழியிலும் நடக்கின்றன. பொதுவான துக்கக் குழுவைவிட இவை உதவுவதற்குக் காரணம், அங்கே முன்கதை சொல்ல வேண்டியதில்லை. "கடிதம் எதுவும் இல்லை" என்று நீங்கள் சொன்னால் எதிரே இருப்பவருக்கு அது புரிந்துவிடும். ஆனால் முதல் சில வாரங்களில் பிறர் கதைகளைக் கேட்பது தாங்க முடியாமல் போகலாம், அவசரம் வேண்டாம்.

ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது, தற்கொலை இழப்புக்கு ஆளானவர்களோடு அவர் முன்பு வேலை செய்திருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். இறந்தவரைச் சுயநலவாதி என்றோ கோழை என்றோ சொல்கிறவரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை. நாள்பட்ட, செயலிழக்கச் செய்யும் துக்கம் இப்போது மருத்துவத்தில் தனி நிலையாக ஏற்கப்பட்டிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது 6 மாதங்களையும், அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டுக் கையேடு வளர்ந்தவர்களுக்கு 12 மாதங்களையும் அளவாக வைத்துள்ளன. அவ்வளவு காலம் கடந்தும் ஏக்கம் சிறிதும் தணியாமல், வேலையும் உறவும் நின்றுபோயிருந்தால், அதற்கென வடிவமைக்கப்பட்ட சிகிச்சை உண்டு. காலக்கெடுவைப் பார்த்து முன்னதாக உதவி தேடாமல் இருந்துவிடாதீர்கள்.

எட்டாம் படி: நாள்காட்டியை எதிர்கொள்வது

நினைவு நாளைவிட அதற்கு முந்தைய பத்து நாட்களே பலருக்குக் கடினம். காரணம் புரியாமல் எரிச்சலும் உடல்வலியும் வரும், பிறகுதான் தேதி நினைவுக்கு வரும். அந்த வாரத்துக்குச் சுமையான வேலை எதையும் ஒப்புக்கொள்ளாமல் முன்கூட்டியே குறித்து வையுங்கள். இன்னொரு தேதியைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை: பெற்றவர் இறந்த வயதை நீங்கள் எட்டும் ஆண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் ஆறிவிட்டதாக நினைத்தது அந்த ஆண்டில் மீண்டும் கிளம்பலாம். அது வருமென்று தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறையும். அமெரிக்க செனட்டராக இருந்த ஹாரி ரீட் தம் தந்தையை 1972-இல் தற்கொலையில் இழந்தார். வெளிப்படையாகப் பேச அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1999-இல் அவர் முன்னெடுத்த தீர்மானத்திலிருந்து தொடங்கியதுதான், ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் தற்கொலையில் உறவை இழந்தவர்களுக்காகக் கடைப்பிடிக்கப்படும் நாள்.

ஒன்பதாம் படி: அவருடைய வாழ்க்கையைத் திரும்பப் பெறுவது

என் கருத்தில் முடிவான வேலை இதுதான், இது தொடங்கவே ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவரின் கடைசி ஒரு மணி நேரம், மீதமுள்ள அத்தனையையும் விழுங்கிவிடுகிறது. அம்மா என்றாலே அந்த நாள், அப்பா என்றாலே அந்த அறை. மூடி வைத்த பெட்டியை இப்போது திறக்கலாம். கடைசி ஆண்டின் படத்தை எடுக்காமல், அவருடைய முப்பது வயதுப் படம் ஒன்றை எடுத்துக் கண்படும் இடத்தில் வையுங்கள். அவரோடு வேலை பார்த்தவர்களிடமும் பள்ளித் தோழர்களிடமும் போய்க் கேளுங்கள். அவர்கள் அந்த மரணத்தைப் பற்றி உங்களிடம் பேசத் தயங்கித்தான் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லாமல் இருந்திருப்பார்கள். அவர் எதற்குச் சிரிப்பார், எந்தப் பாட்டை முணுமுணுப்பார், எதில் பிடிவாதக்காரர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கி எழுத வேண்டாம். சிடுசிடுப்பும் அதில் இருக்கட்டும், அவர் முழு மனிதராகத் திரும்புவார்.

அவருடைய பழைய கணக்கு நோட்டைப் புரட்டும்போது, ஏழு என்ற எண்ணின் நடுவே அவர் சிறு கோடு இழுத்திருப்பது கண்ணில் படலாம். மறுநாள் வங்கியில் படிவம் நிரப்பும்போது, பேனாவைத் தூக்கிய பிறகுதான் உங்கள் ஏழிலும் அந்தக் கோடு இருப்பதைப் பார்ப்பீர்கள்.